அழுத்தம் நிற்காத தண்ணீர் துப்பாக்கி

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பெரிய தண்ணீர் துப்பாக்கியைப் புதிதாக வாங்குகிறவர்கள் குறைவு. தாம்பரத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பொம்மைக் குவியலைக் கிளறிப் பேரம் பேசி வாங்கி வருவார். இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கும் அத்தை, தன் பிள்ளைகள் விளையாடித் தீர்த்ததைப் பெட்டியில் மிஞ்சிய இடத்தில் அடைத்து அனுப்பியிருப்பார். பார்க்கப் பளபளவென்று இருக்கும். தண்ணீர் ஊற்றி, பம்ப் அடித்து, விசையை இழுத்தால் தண்ணீர் காலடியிலேயே விழும். இன்னும் இருபது தரம் அடித்தாலும் அதே கதைதான். ஏற்றிய காற்று எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

பொம்மைக் கடைக்குப் போய்ப் பயனில்லை. அங்கே உதிரி பாகம் விற்பதில்லை. ஆனால் கடைத்தெருவில் சைக்கிள் கடை இருக்கிறது. பயிருக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரை விற்று, பழுதும் பார்க்கும் கடை இருக்கிறது. போர்வெல் சாமான், பைப்பு விற்கும் ஹார்டுவேர் கடை இருக்கிறது. இவற்றில் கிடைக்காத பொருள் எதுவும் ஒரு தண்ணீர் துப்பாக்கிக்குள் அநேகமாக இல்லை. சைக்கிள் பம்ப், மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ், முதுகில் மாட்டும் ஸ்பிரேயர், இந்தத் துப்பாக்கி எல்லாமே ஒரே வேலையைச் செய்பவை. ஒரு பிஸ்டன், அதில் ஒரு வாஷர், போன காற்றைத் திரும்பவிடாத ஒரு வால்வு, அடைத்துவைக்க ஒரு தொட்டி. ஸ்டவ்வுக்கு வாஷர் மாற்றிப் பழகிய கைக்கு இது புதிய வேலையே அல்ல.

இந்த அத்தியாயத்தில் நான் பிடிவாதமாகச் சொல்லப்போவது ஒன்றுதான். காற்று எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் திருப்புளியை எடுக்காதீர்கள். இந்தப் பொம்மைகள் பழுதால் செத்ததைவிட அவசரமாகப் பிரித்ததால் செத்ததுதான் அதிகம்.

இது அழுத்தம் பிடிக்கும் வகைதானா?

விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு பீச்சு வருகிற சின்னக் கைத்துப்பாக்கிக்கு அழுத்தம் சேர்த்துவைக்கவே தெரியாது. அதன் விசையே பம்ப். அதில் வாஷரும் இரண்டு சின்ன வால்வுகளும் இருக்கும், தொட்டியில் காற்றை அடைக்கும் ஏற்பாடு இருக்காது. முதல் சில அழுத்தங்களுக்குத் தண்ணீர் வராமல் பிறகு வந்தால் அது பழுதல்ல. குழாயில் இருக்கும் காற்று வெளியேறுகிறது, அவ்வளவுதான். ஊசிபோல இழுத்துத் தள்ளும் நீளக் குழாய் வகையும் அப்படியே. மின்கலத்தில் ஓடும் புது வகைகள் இந்த அத்தியாயத்துக்கு வெளியே. அவற்றில் பேட்டரி உப்பியிருந்தால் பிரிக்கவே கூடாது என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

காற்றை அடைத்து, அந்த விசையால் தண்ணீரை விரட்டும் வகை பரவலானது 1990க்குப் பிறகுதான். அதைக் கொண்டுவந்தவர் லோனி ஜான்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். வியாழன் கோளுக்குப் போன கலிலியோ விண்கலத் திட்டத்தில் வேலை பார்த்தவர். 1982இல் ஃபிரியானுக்குப் பதிலாகத் தண்ணீரில் ஓடும் வெப்பப் பம்பு ஒன்றை வீட்டுக் குளியலறையில் சோதித்துக்கொண்டிருந்தபோது, முனையிலிருந்து சீறிய தண்ணீரைப் பார்த்து இந்த யோசனை வந்தது. பிறகு செய்த முன்மாதிரி ஒன்றில் அவர் தொட்டியாக மாட்டியது சோடா பாட்டிலை. 1990இல் ‘பவர் டிரென்ச்சர்’ என்று விற்பனைக்கு வந்து, அடுத்த ஆண்டே ‘சூப்பர் சோக்கர்’ ஆனது. இன்று நம் கைக்கு வரும் மலிவுத் துப்பாக்கிகள் பலவும் அந்த ஏற்பாட்டின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

அவற்றுள்ளும் பிரிவு உண்டு. ஒரே தொட்டியில் தண்ணீரும் காற்றும் இருப்பது முதல் வகை. பம்ப் வெளிக்காற்றை இழுத்து அந்தத் தொட்டிக்குள் அடைக்கும். இரண்டாவது வகையில் பெரிய தொட்டி சும்மா தண்ணீர் வைக்க மட்டும். பம்ப் அதிலிருந்து தண்ணீரை எடுத்து, உடலுக்குள் மறைந்திருக்கும் சிறிய அறைக்குள் தள்ளும். அந்த அறையிலிருக்கும் காற்றுதான் அமுங்கும். பம்ப் அடிக்கும்போது தொட்டியில் தண்ணீர் மட்டம் குறைந்தால் இரண்டாவது வகை. 1996 முதல் வந்த சில பெரிய துப்பாக்கிகளில் காற்றறைக்குப் பதில் தடித்த ரப்பர் பை இருக்கும், தண்ணீர் ஏற ஏற அது உப்பும். அந்த ரப்பர் கிழிந்திருந்தால் வீட்டில் வழியில்லை. காசு கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பழுதே இல்லாத பழுது

பிள்ளைகள் தொட்டியை வாய்வரை நிரப்புவார்கள். தண்ணீர் அமுங்காது, அமுங்குவது காற்று மட்டுமே. ஒரு லிட்டர் தொட்டியில் 900 மில்லி தண்ணீர் ஊற்றினால் காற்றுக்கு மிஞ்சுவது 100 மில்லி இடம். ஓர் அடிக்கு 20 மில்லி காற்றைப் பம்ப் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தே அடியில் உள்ளழுத்தம் இரட்டிப்பாகிக் கை கனக்கும். பிள்ளை போதும் என்று நிறுத்திவிடும். விசையை இழுத்ததும் 100 மில்லி தண்ணீர் பாயும். அதற்குள் காற்றுக்கு இருமடங்கு இடம் கிடைத்துவிடுவதால் அழுத்தம் வெளிக்காற்றுக்குச் சமமாகி, மீதி 800 மில்லி அசையாமல் நிற்கும். ‘பிரஷர் நிக்கல’ என்று பிள்ளை அழும்.

அதே தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றுங்கள். காற்றுக்கு 333 மில்லி இடம். அழுத்தத்தை இரட்டிப்பாக்க ஏறக்குறைய 17 அடி அடிக்க வேண்டும், ஆனால் 333 மில்லி தண்ணீர் வெளியே போகும்வரை தள்ளும் விசை இருக்கும். 33 அடி அடித்து அழுத்தத்தை மும்மடங்காக்கினால் கணக்குப்படி முழுத் தண்ணீரையும் வெளியேற்றிவிடும். வாய்வரை நிரப்பிய தொட்டியை அப்படிக் காலி செய்ய வேண்டுமானால் பத்து மடங்கு அழுத்தம் வேண்டும். அதை எந்தப் பொம்மையும் தாங்காது. ஆகவே பழுது பார்க்க எடுத்ததும் முதல் வேலை, மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டு நிரப்பி இன்னொரு முறை அடித்துப் பார்ப்பது. பெட்டியோடு வந்த சீட்டு இல்லாததால் இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் தூக்கிப்போட்ட துப்பாக்கிகள் காயலான் கடைகளில் நிறையக் கிடக்கும்.

கை வைக்கும் முன்

விவசாய ஊர் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய துப்பாக்கி எங்கேயிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், மூடியைத் திறந்து சற்றுத் தள்ளிவைத்து வாடையைக் கவனியுங்கள். பூச்சிமருந்து, பெயிண்ட், பெட்ரோல் வாடை இருந்தால் அதைப் பழுது பார்க்க வேண்டாம். ரோஜாச் செடிக்கும் முருங்கைக் கம்பளிப் பூச்சிக்கும் மருந்தடிக்க இந்தத் துப்பாக்கிகளைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை முறை கழுவினாலும் ரப்பருக்குள் ஊறியது முழுக்கப் போகும் என்று நம்ப முடியாது. பிள்ளைகள் இந்தத் தண்ணீரை வாயிலும் வாங்குவார்கள். அதே காரணத்தால், ஸ்பிரேயரில் ஓடிக் கழற்றிய பழைய வாஷரையோ டியூபையோ இதில் போடவே கூடாது. புதியதை மட்டும் வாங்குங்கள்.

பஞ்சர் கடைக் கம்பிரசரை வைத்து இதில் காற்றடிக்கிற யோசனையும் வேண்டாம். லாரி டயருக்கு ஏற்றும் காற்று அது. மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் சில்லு முகத்தில்தான் பாயும். சோதனை முழுவதும் கையால் அடிக்கும் பம்ப் போதும், அதுவும் கை கனக்கும்வரை மட்டும்.

காற்று எங்கே போகிறது?

முதலில் மூடி. அழுத்தம் பிடிக்காத பழைய துப்பாக்கிகளில் இதுதான் மிக எளிய காரணம், ஆனால் யாரும் பார்க்காத இடம். மூடிக்குள் ஒரு வட்ட ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். பல துப்பாக்கிகளில் அது கழன்று எங்கேயோ விழுந்திருக்கும், அல்லது அமுங்கி அமுங்கிக் கல்லாகியிருக்கும். மரையில் டெப்லான் டேப் சுற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. இந்த மூடிகளில் காற்றை அடைப்பது மரை அல்ல, வாஷர். டேப் சுற்றினால் மூடி முழுக்க இறங்காமல் கசிவு கூடத்தான் செய்யும். சைக்கிள் டியூபிலிருந்து வட்டமாக ஒரு துண்டை வெட்டி மூடிக்குள் உட்கார வைத்து இறுக்குங்கள். பல நேரம் பழுது இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் பஞ்சர் ஒட்டுபவரின் முறைதான். ஒரு பெரிய பக்கெட்டிலோ மாட்டுத்தொட்டியிலோ சுத்தமான தண்ணீரை நிரப்புங்கள். துப்பாக்கியில் காற்றேற்றி, விசையைத் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். உடலின் மூலைகளில் ஒட்டியிருக்கும் சும்மாக் குமிழிகள் முதலில் போகட்டும். அதன்பின் ஒரே இடத்திலிருந்து வரிசையாக வரும் குமிழிதான் நமக்கு வேண்டியது. முனையிலிருந்து வந்தால் விசை வால்வு. தொட்டிக் கழுத்திலோ பக்கத்து ஒட்டிலோ வந்தால் விரிசல். பம்ப் தண்டு நுழையும் இடத்தில் வந்தால், தண்டைப் பற்றி இனிச் சொல்வதையும் சேர்த்துப் பாருங்கள்.

பம்ப் தண்டு நிறையப் பேசும். அழுத்தும்போது எதிர்ப்பே இல்லாமல் சரேலென்று உள்ளே போனால் பிஸ்டன் வாஷர் போய்விட்டது; காற்று முன்னே போகாமல் பக்கவாட்டில் நழுவுகிறது. நன்றாகக் கனத்து உள்ளே போய், கையை விட்டதும் தானே வெளியே ஏறி வந்தால் வாஷர் நன்றாக இருக்கிறது, திரும்பவிடாத வால்வுதான் மூடவில்லை. பழைய பம்ப் ஸ்டவ் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும்: உள்வால்வு கெட்டால் தண்டு மேலே வரும், மண்ணெண்ணெய் பம்புக்குள் ஏறும். இதில் தண்ணீர் ஏறும்.

வெளியே எங்கும் குமிழி இல்லை, ஆனாலும் அழுத்தம் இறங்குகிறது என்றால் இரண்டாவது வகைத் துப்பாக்கியாக இருக்கலாம். அதில் சின்ன அறையிலிருந்து தண்ணீர் பெரிய தொட்டிக்கே திரும்பிவிடும். பெரிய தொட்டியின் மூடியைத் திறந்து, பம்ப் அடித்து நிறுத்திக் காதை வையுங்கள். களகளவென்று சத்தம் வரும், அல்லது அடியிலிருந்து குமிழி எழும். அதுவும் திரும்பவிடாத வால்வின் வேலைதான்.

பிரிப்பது

இரண்டு பாதியும் ஸ்குருவால் இணைந்திருந்தால்தான் பிரியுங்கள். ஒட்டியே செய்ததை நெம்பித் திறந்தால் உடல் உடையும், பிறகு மூட முடியாது. ஸ்குரு சில ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். விரலால் தடவினால் குழி தெரியும். ஓர் அட்டையில் துப்பாக்கியின் உருவத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்குருவோ அதே இடத்தில் குத்திவையுங்கள். நீளம் மாறி மாட்டினால் தொட்டியையே துளைத்துவிடும். மேல் பாதியை எடுக்கும் முன் எல்லா அழுத்தத்தையும் வெளியேற்றுங்கள். எடுத்ததும் எதையும் தொடாமல் போனில் படம் பிடியுங்கள். விசை ஸ்பிரிங் குதித்து ஓடும் என்பதால் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் வைத்து வேலை செய்யலாம்.

பிஸ்டன் வாஷர்

தண்டை வெளியே எடுத்தால் முனையில் ஒரு பள்ளமும் அதில் ஒரு கறுப்பு ஓ-ரிங்கும் இருக்கும். காய்ந்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். நன்றாக இருந்து, தளர்ந்து மட்டும் போயிருந்தால் மாற்றவே வேண்டாம். ரிங்கைக் கழற்றிப் பள்ளத்தில் டெப்லான் டேப்பை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மேலே ரிங்கைப் போடுங்கள். ரிங் சற்றே உயர்ந்து குழாயின் சுவரைத் தொடும். அவ்வளவு போதும். பழுது பார்ப்பவர்கள் அதிகம் செய்யும் வேலை இதுதான், செலவு குறைந்ததும் இதுதான். அதிகம் சுற்றினால் தண்டு இறுகி, பிள்ளையின் கையால் அடிக்க முடியாது; ஒவ்வொரு சுற்றாகக் கூட்டிப் பாருங்கள்.

புதிது வாங்கப் போனால் அளவைச் சொல்லிக் கேட்க வேண்டாம். பழையதைக் கையில் எடுத்துப்போய், ‘அண்ணே, இதே சைஸ்ல ஓ-ரிங் இருக்கா? கொஞ்சம் தடியா இருந்தாலும் பரவால்ல’ என்று கேளுங்கள். ஸ்பிரேயர் கடையில் தகர டப்பா நிறைய வைத்திருப்பார்கள், கலைத்துப் பொறுக்கவும் விடுவார்கள். துப்பாக்கியின் குழாயையும் எடுத்துப்போனால் அங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம். சுற்றிலும் ஒரே சீராகத் தொட்டு, இழுத்தால் சிறிது பிடித்து வர வேண்டும்.

ஓ-ரிங் எதுவும் பொருந்தாவிட்டால் சைக்கிள் பம்புக்குப் போடும் தோல் வாஷர் இருக்கிறது. கிண்ணம்போல் குழிந்திருக்கும் அதன் வாய், காற்றை அமுக்கும் பக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தம் ஏற ஏறக் கிண்ணத்தின் விளிம்பு விரிந்து சுவரோடு ஒட்டும். திருப்பி மாட்டினால் ஒரு துளிக் காற்றுகூட நிற்காது. மாட்டும் முன் ஓர் இரவு விளக்கெண்ணெயில் ஊறட்டும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டிக்குப் போடும் கிரீஸ், மெஷின் எண்ணெய், வாசலின் இவை பெட்ரோலிய வழி வந்தவை. இயற்கை ரப்பரை உப்பவைத்துக் கூழாக்கிவிடும். சிலிக்கான் கிரீஸ் கிடைத்தால் சிறப்பு. கிடைக்காவிட்டால் விளக்கெண்ணெய். இயற்கை ரப்பரோடு அது ஒத்துப்போகும் என்பதால்தான் அந்தக் காலத்து மோட்டார் வண்டிகளின் பிரேக் எண்ணெயிலேயே ஆமணக்கெண்ணெயைச் சேர்த்தார்கள். தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்து பம்பைப் பிடித்துக்கொள்ளும்.

திரும்பவிடாத வால்வு

உத்திரமேரூர் என்றதும் குடவோலைத் தேர்தலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின், அந்தத் தேர்தலைச் சொல்லும் அதே கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்ற குழுவும் வருகிறது. ஊரைக் காத்தது ஏரி, அந்த ஏரியைக் காக்க ஆண்டுதோறும் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஏரி பார்த்தவர்களுக்குத் தெரிந்த ஒன்று இந்த வால்வுக்கும் பொருந்தும். மதகு மூடியிருக்கிறது என்பதும் தண்ணீர் நிற்கிறது என்பதும் ஒன்றல்ல. பலகைக்கு அடியில் ஒரு கல் சிக்கினால் மூடிய மதகு வழியாகவே இரவெல்லாம் தண்ணீர் போய்விடும்.

துப்பாக்கியில் அந்தக் கல், பெரும்பாலும் உப்பு. நம் பக்கத்துப் போர் தண்ணீர் காய்ந்தால் குடத்தில் வெள்ளை படிகிறதே, அதே படிவுதான் வால்வு உட்காரும் வட்டத்திலும் படிகிறது. மீதி மணல், சிமெண்ட் தொட்டித் தூசி, பாசி. ஆகவே வால்வை மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்யுங்கள். வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, வால்வுத் துண்டை அதில் சில மணி நேரம் போட்டுவைத்தால் சுண்ணாம்புப் படிவு குமிழிவிட்டுக் கரையும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும், நேரம் பிடிக்கும். இரும்பு ஸ்பிரிங்கைப் புளிப்பில் ஊறவிடாதீர்கள், அரித்துவிடும். பிறகு பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஊசி, குண்டூசி வைத்துச் சுரண்டினால் வட்டத்தில் கீறல் விழும்; அந்தக் கீறல் நிரந்தரக் கசிவு.

வால்வின் அமைப்பு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். சின்ன உருண்டையும் ஸ்பிரிங்கும் இருந்தால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கைத் தேவையான நீளத்துக்கு வெட்டிப் போடலாம். துருப்பிடிக்கும் வரைக்கும் ஓடும், அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். உருண்டை தொலைந்திருந்தால் சைக்கிள் பால்ஸைப் போடாதீர்கள். சாதா இரும்பு, கொஞ்ச நாளிலேயே துருவேறி வட்டத்தைக் கெடுக்கும். அளவு சரியாக இருந்தால் கண்ணாடி மணி நல்லது.

ரப்பர் நாக்கு வகைதான் அதிகம். துளையின்மேல் ஒரு மெல்லிய ரப்பர் வட்டம் படிந்திருக்கும். காற்று உள்ளே வரும்போது எழும், திரும்பப் பார்க்கும்போது படியும். பழையது சுருண்டிருந்தால் எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டாலே சில நேரம் படிந்துவிடும். புதிதாக வெட்ட சைக்கிள் டியூப் தடிமனாகத் தோன்றினால், சைக்கிள் வால்வுக்குப் போடும் வால்வு டியூபைக் கத்தரியால் நீளவாக்கில் பிளந்து விரித்துப் பாருங்கள். சின்ன நாக்குக்குச் சரியான மென்மை. துளை ஒரு குழாயின் பக்கவாட்டில் இருந்தால் நாக்கே வேண்டாம், வால்வு டியூபை அந்தக் குழாய்மேல் உறைபோல் மாட்டிவிடுங்கள். உள்ளிருந்து வரும் காற்று ரப்பரை விரித்துக்கொண்டு வெளியேறும், வெளிக்காற்று ரப்பரை அமுக்கித் துளையை அடைத்துவிடும். பழைய சைக்கிள் வால்வுகள் இத்தனை காலமாக ஓடுவது இந்த ஒரே வித்தையில்தான்.

விசையும் டியூபும்

முனையில் சொட்டுவது நிற்காவிட்டால் விசை வால்வைப் பாருங்கள். சில துப்பாக்கிகளில் ஸ்பிரிங் ஒன்று மென்மையான டியூபை நசுக்கிப் பிடித்திருக்கும், விசையை இழுத்தால் விடும். ஆண்டுக்கணக்கில் நசுங்கிய இடம் தட்டையாகி வெடித்திருக்கும். டியூபில் தாராளம் இருந்தால் சிறிது தள்ளி, புது இடம் நசுங்கும்படி மாற்றி மாட்டினால் தீர்ந்தது. மற்றவற்றில் ஓ-ரிங் மாட்டிய சின்னத் தண்டு இருக்கும். பிஸ்டனுக்குச் சொன்னதெல்லாம் இதற்கும்.

உள் டியூப் வெடித்திருந்தால் மீன்தொட்டிக்குக் காற்று விடும் டியூப் நல்ல மாற்று. விசை நசுக்கும் இடமாக இல்லாவிட்டால் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் மைக்ரோ டியூபும் ஆகும். விறைப்பாக இருப்பதால் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் சற்று நேரம் பிடித்து, இளகியதும் சொருகுங்கள். ஆஸ்பத்திரியில் போட்டுக் கழற்றிய குளுக்கோஸ் டியூபை எடுத்துவருகிறவர்கள் உண்டு, கூடவே கூடாது. இணைப்புகளில் கேபிள் டை போட்டு இறுக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது நம் ஊர் ரப்பர் கட்டு: சைக்கிள் டியூபை விரல் அகல நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, கடைசிச் சுற்றுக்கு அடியில் நுனியைச் சொருகுவது. தோட்டத்துப் பைப்பில் பிடிப்பது இதிலும் பிடிக்கும்.

தொட்டியில் விரிசல்

ஒட்டும் முன் பிளாஸ்டிக் எதுவென்று தெரிய வேண்டும். உடைந்த ஓரத்திலிருந்து ஒரு சில்லைக் கிள்ளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிதீன் அல்லது பாலிபுரொப்பிலீன். எந்தப் பசையும் அதில் நிற்காது, காசை வீணாக்காதீர்கள். மூழ்கினால் நம்பிக்கை உண்டு. விரிசலின் இரு முனையிலும் சூடான ஊசியால் சின்னத் துளை இட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, சுற்றிலும் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, அரால்டைட்டைப் பூசி, மேலே மெல்லிய துணியை ஒட்டி இன்னொரு பூச்சுக் கொடுங்கள். ஒரு முழு நாள் தொடவேண்டாம். எம்-சீல் மூலைகளுக்கு நல்லது. ஃபெவிகுவிக் உடனே பிடிக்கும், அழுத்தம் ஏறியதும் உடனே விடும்.

தனியாகக் கழற்றும் தொட்டி என்றால் ஒட்டுவதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. சோடா, கோலா பாட்டிலின் மரை அதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பல துப்பாக்கிகளுக்குப் பொருந்தும். அடிப்பாகம் ஐந்து கால்போல் மேடுபள்ளமாக இருக்கும் பாட்டில்தான் வேண்டும், அது வாயு அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. சாதாத் தண்ணீர் பாட்டில் மெல்லியது, அதை மாட்டாதீர்கள்.

மூடுவதும் விடுவதும்

ஸ்குருவைத் திரும்ப மாட்டும்போது முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். ‘டக்’ என்று ஒரு சின்ன இறக்கம் தெரியும். பழைய மரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன்பின் இறுக்கினால் பிளாஸ்டிக் மரை போகாது. மூடியபின் கை கனக்கும்வரை அடித்து, பத்து நிமிடம் நிழலில் வைத்து, விசையை இழுங்கள். முதல் பீச்சு முன்புபோல் பாய்ந்தால் முடிந்தது. லேசாக இறங்கியிருந்தால் விட்டுவிடலாம். எந்தப் பிள்ளையும் அழுத்தம் ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்காது.

மிதக்கும் பிளாஸ்டிக்கில் விரிசல், கிழிந்த ரப்பர் பை, பிளந்த பம்ப் குழாய், இந்த மூன்றில் ஒன்று என்றால் நான் நேரம் செலவிட மாட்டேன். ஸ்பிரிங், உருண்டை, ஓ-ரிங், முனை எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு மீதியைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைக்கு மூங்கிலில் பீச்சாங்குழல் செய்து கொடுங்கள்: ஒரு கணு, அதில் சின்னத் துளை, துணி சுற்றிய குச்சி. துணி நனைந்து உப்பினால் அதுவே வாஷர். வையை நீராட்டைப் பாடும் பரிபாடலிலேயே தண்ணீர் பீய்ச்சும் கருவி வந்துவிட்டது. அதற்கு உதிரி பாகம் தேடி யாரும் சந்தைக்குப் போனதில்லை.

ஓடுகிற துப்பாக்கியைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது முகத்துக்குக் குறிவைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் ஆட்டுத்தோல் பையைத்தான் காலங்காலமாக வைத்திருந்தார்கள். அண்மை ஆண்டுகளில் சிலர் விசைப் பம்புகளைக் கொண்டுவரத் தொடங்கியதும் அவற்றுக்குத் தடை போட வேண்டியதாயிற்று. தண்ணீர்தானே என்று நினைக்க முடியாது.

நம் ஊர்களில் இதற்கு இரண்டு பருவம். ஒன்று கோடை விடுமுறை, மற்றது கோயில் திருவிழாவின் மஞ்சள் நீராட்டு. மஞ்சள் தண்ணீரை இதில் ஊற்றத்தான் போகிறார்கள், தடுத்துப் பயனில்லை. வெள்ளைத் துணியில் இருமுறை வடிகட்டி ஊற்றச் சொல்லுங்கள். மஞ்சள் கரையாது, தூளாகவே மிதந்து வால்வில் போய்ப் படியும். ஏரித் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் வேண்டாம். காற்றேற்றிய துப்பாக்கியைக் கத்திரி வெயிலில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. சூட்டில் உள்ளழுத்தம் கூடுவது கொஞ்சம்தான், ஆனால் பிளாஸ்டிக் இளகித் தொட்டி ஒட்டு விட்டுவிடும்.

விளையாடி முடித்த அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றி இரண்டு முறை பீய்ச்சி, முழுக்க வடித்துவிடுங்கள். உள்ளே தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். மூடியை இறுக்காமல் தளர்த்தி வைத்தால் வாஷர் அமுங்கிக் கிடக்காது. தண்டைப் பாதி இழுத்து, ஓ-ரிங்கில் ஒரு துளி விளக்கெண்ணெய் தடவி, எலி வராத பரண் பக்கமாகப் பார்த்து வையுங்கள். எலிக்கு இந்த டியூப் மிகவும் பிடிக்கும்.